எத்தனை தலகாணி? மருத்துவ மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முதலாண்டு மாணவர்களுடையவை. மற்றவை வார்டுக்குள் நுழைந்து திகைத்து நிற்பவர்களிடமிருந்து வந்தவை. ஒரு தாயும் ஒரு தகப்பனும்கூட எழுதியிருக்கிறார்கள். நான் பொது மருத்துவம் சொல்லிக்கொடுப்பவன். ஆனாலும் என் வகுப்பில் பாதி நேரம் பிசியாலஜிதான் (உடம்பு எப்படி இயங்குகிறது என்ற பாடம்) ஓடும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சார், நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. பிசியாலஜி வகுப்பில் முதல் பத்து நிமிஷத்திலேயே தொலைந்துபோகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் தலையாட்டுகிறார்கள். நான் மட்டும் இந்தப் படிப்புக்குத் தகுதி இல்லாதவளா?

தலையாட்டுகிறவர்களில் பலருக்கும் புரிவதில்லையம்மா. முப்பது வருஷமாக அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வகுப்பில் இரண்டு புது மொழிகள் ஓடுகின்றன. ஒன்று ஆங்கிலம். இன்னொன்று கிரேக்கமும் லத்தீனும் கலந்த மருத்துவ மொழி. இரண்டாவது மொழி ஆங்கில வழியில் படித்தவர்களுக்கும் புதுசுதான். அதைத் துண்டு துண்டாகப் பிடித்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும். டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மந்தம். ஹைப்பர் அதிகம், ஹைப்போ குறைவு. ஈமியா என்று முடிந்தால் ரத்தத்தில் என்று பொருள், யூரியா என்று முடிந்தால் சிறுநீரில் (வயலுக்குப் போடும் யூரியாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்). நேட்ரியம் சோடியம், கேலியம் பொட்டாசியம். இப்போது ஹைப்போநெட்ரீமியா என்று யாராவது சொன்னால் 'ரத்தத்தில் சோடியம் குறைவு' என்று நீங்களே பிரித்துவிடுவீர்கள். இப்படி அறுபது எழுபது துண்டுகள் மனதில் நின்றால் போதும்.

அடுத்தது, ராத்திரி விடுதியில் புத்தகத்தை மூடிவிட்டு அன்றைய பாடத்தை அறைத்தோழியிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். "சிறுநீரகம் ஒரு நிமிஷத்துக்கு 125 மில்லி வடிகட்டுது. அப்ப ஒரு நாளைக்கு 180 லிட்டர். ஆனா ஒன்றரை லிட்டர்தான் வெளியே வருது. மிச்சம் எங்க போச்சு?" எந்த இடத்தில் நாக்கு நிற்கிறதோ அந்த இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். அதை மட்டும் திரும்பப் படியுங்கள். தேர்வில் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள், ஒரு படம், அம்புக்குறிகள். இலக்கணத்துக்காக யாரும் மார்க்கைக் குறைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் தமிழ் பின்னால் வார்டில் எப்படிக் கைகொடுக்கும் என்பது உங்களுக்கு இப்போது தெரியாது. "மூச்சு வாங்குது", "நெஞ்சு அடைக்குது", "நெஞ்சு கரிக்குது", "படபடன்னு அடிக்குது", "கிறுகிறுன்னு வருது" எல்லாம் வேறு வேறு. கரிப்பு பெரும்பாலும் வயிற்று அமிலத்தின் வேலை. ஆனால் சில சமயம் மாரடைப்பும் அதே சொல்லோடுதான் வந்து நிற்கும். இந்தச் சொற்களின் நிறம் தெரிந்தவர் பாதி நோயைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நான் மாணவனாக இருந்தபோது ஒரு நெசவாளரை எனக்குக் கேஸாகக் கொடுத்தார்கள். "படுத்தால் மூச்சுத்திணறல் ஏற்படுகிறதா?" என்று புத்தகத் தமிழில் கேட்டேன். "இல்லீங்க" என்றார். கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதினேன். எங்கள் சீஃப் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ராத்திரி எத்தனை தலகாணி வெச்சுப் படுப்பீங்க?" அவர் சொன்னார்: "தலகாணி எங்கங்க? ஒரு மாசமா செவுத்துல சாஞ்சு உக்காந்துதான் தூங்கறேன்." படுத்தால்தானே படுக்கும்போது மூச்சு வாங்கும்! அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் அவருடைய மொழியில் கேட்கவில்லை.

முதலாண்டு முடிந்ததும் பிசியாலஜி முழுக்க மறந்துவிட்டது. இப்போது மெடிசின் போஸ்டிங்கில் ஒவ்வொரு கேள்விக்கும் முழிக்கிறேன். திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

வேண்டாம். நோயாளி வழியாகப் படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு நோயாளி, அவரிடம் தெரியும் ஓர் அறிகுறி, அதற்குரிய இரண்டு பக்கம் பிசியாலஜி. இவ்வளவுதான்.

மேலே சொன்ன நெசவாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது கால்களிலும் வயிற்றிலும் தேங்கி நிற்கும் ரத்தம், படுத்தவுடன் மார்புக்கு ஏறி வருகிறது. நல்ல இதயம் என்றால் கூடுதலாக வந்த ரத்தத்துக்கு ஏற்பக் கூடுதலாக விரிந்து, கூடுதல் பலத்தோடு சுருங்கி, வந்ததை அப்படியே வெளியே தள்ளிவிடும். ஃபிராங்க், ஸ்டார்லிங் என்ற இருவர் பெயரில் முதலாண்டில் மனப்பாடம் செய்தீர்களே, அந்த விதிதான் இது. அவருடைய இடது வென்ட்ரிக்கிளுக்கு (ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும் இதய அறைக்கு) அந்தச் சக்தி இல்லை. ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. தந்துகிகள் என்ற மெல்லிய ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. எழுந்து உட்கார்ந்தால் ரத்தம் கீழே இறங்கிவிடும், மூச்சும் அடங்கும். சுவர்தான் அவருக்கு மருந்து.

அவருடைய கால் வீக்கத்துக்கு வாருங்கள். இதயம் குறைவாகத் தள்ளுவதால் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைகிறது. உடம்பில் தண்ணீர் போதவில்லை என்று சிறுநீரகம் தப்பாக எண்ணிக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. ஆஞ்சியோடென்சின், அல்டோஸ்டிரோன் என்று ஹார்மோன்களின் சங்கிலி நீள்கிறது. உப்பும் நீரும் உள்ளேயே நின்றுவிடுகின்றன. அடிபட்டு ரத்தம் இழந்தவனைக் காப்பாற்றுவதற்கென்று இருக்கும் ஏற்பாடு, இதயம் தளர்ந்தவனை மூழ்கடிக்கிறது. இது புரிந்துவிட்டால் அவருக்கு எழுதும் மருந்துச் சீட்டும் புரியும். ஒரு மாத்திரை அந்தச் சங்கிலியை ஆஞ்சியோடென்சின் கண்ணியில் வெட்டுகிறது, இன்னொன்று அல்டோஸ்டிரோனைத் தடுக்கிறது, மூன்றாவது தேங்கிய உப்பைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

பிசியாலஜி முதலாண்டோடு முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆக்சிமீட்டரில் 98 இருந்து 94 ஆனால் யாரும் பதறுவதில்லை. 90-க்குக் கீழே போனால் மட்டும் ஓடுகிறார்கள். நாலு புள்ளிக்கு இல்லாத பதற்றம் அடுத்த நாலு புள்ளிக்கு ஏன்?

ஆக்சிஜனும் ஹீமோகுளோபினும் சேரும் வரைபடம் நேர்க்கோடு இல்லை. மேலே தட்டையாக இருந்து, பிறகு சரிவாக இறங்கும் வளைவு. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100-லிருந்து 60-க்கு இறங்கினாலும், ஆக்சிமீட்டர் காட்டும் செறிவு 97, 98-லிருந்து 90-க்குத்தான் வரும். அழுத்தம் அங்கிருந்து 40-க்கு இறங்கினால் செறிவு 75 ஆகிவிடும். 90 என்பது மொட்டைமாடியின் விளிம்பு. அதற்கு மேல் எவ்வளவு நடந்தாலும் தரை இருக்கிறது. அதைத் தாண்டினால் கால் வைக்க இடமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். வெகுநாள் புகைபிடித்து நுரையீரல் கெட்டு, கார்பன் டை ஆக்சைடு தேங்கி வாழப் பழகியவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். 99 ஆக்குகிறேன் என்று ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் கெடுதல் செய்வீர்கள். புகை சூழ்ந்த அறையிலிருந்து தூக்கிவரப்பட்டவருக்கு ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பிடித்ததையும் அந்தக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது.

மருத்துவம் படிக்கும் என் மகள், "வயிற்றுப்போக்குக்கு வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் பிரயோசனம் இல்லை, சர்க்கரையும் சேர்த்தால்தான் உள்ளே போகும்" என்கிறாள். ருசிக்காகத்தானே சர்க்கரை? (ஒரு தாய்)

உங்கள் மகள் சொல்வதுதான் சரி அம்மா. அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு என் வணக்கம்.

குடலின் உள்சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். இந்த ஜோடிப் பயணத்தை ராபர்ட் கிரேன் 1960-இல் முன்வைத்தார். இதில் அருமையான செய்தி என்னவென்றால், காலரா நஞ்சு குடலிலிருந்து குளோரைடையும் நீரையும் வெளியே கொட்டவைத்தாலும் இந்த வாசலை அது தொடுவதில்லை. வீடே பற்றியெரியும்போது பின்கட்டுக் கதவு மட்டும் திறந்திருப்பது மாதிரி.

1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பாங்காவ் என்ற ஊரில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, கூட இருந்த உறவினர்களையே கரண்டியாலும் டம்ளராலும் ஊட்டச் சொன்னார். அந்த முகாமில் இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் கையில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான். அதில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல், சரிக்குச் சரி. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் திருத்திய அளவு இது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கலந்தால் உப்பு ஏறிப்போகும். ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டினால் போக்கு கூடும்.

மகளிடம் இதையும் சொல்லுங்கள்: அதே குடும்பத்து வாசல் ஒன்று சிறுநீரகத்திலும் இருக்கிறது. வடிகட்டிய சர்க்கரையை ரத்தத்துக்குத் திருப்பி எடுப்பது அதன் வேலை. அந்த வாசலைச் சாத்தினால் சர்க்கரை சிறுநீரில் போய்விடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் செய்வது இதைத்தான். ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருள்தான் இவற்றின் மூதாதை. நீரிழிவுக்கென்று வந்த இந்த மருந்துகள் இப்போது தளர்ந்த இதயத்துக்கும் பயன்படுகின்றன. ஒரு வாசலைத் திறந்து காலராவை வெல்கிறோம், அதன் தங்கை வாசலைச் சாத்தி நீரிழிவைக் கட்டுகிறோம். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

தவளைச் சோதனையை எடுத்துவிட்டார்கள். சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்ப்பதையும், சேம்பரில் (கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில்) ரத்த செல் எண்ணுவதையும் மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? மெஷின் ஒரு நிமிஷத்தில் செய்துவிடுகிறதே?

தவளை போனது நல்லதுதான். திரையில் காட்டினாலே அந்தப் பாடம் புரியும். சாலி முறையைப் பற்றி என் சொந்தக் கருத்து: ஒரு தடவை செய்து பார்த்தால் போதும். அமிலம் கலந்த ரத்தத்தின் பழுப்பு நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவது ஆளுக்கு ஆள் மாறும். செல் எண்ணுவதும் ஸ்மியர் (கண்ணாடியில் மெல்லியதாகத் தடவிய ரத்தம்) பார்ப்பதும் அப்படியில்லை. பிளேட்லெட்டுகள் கொத்தாக ஒட்டிக்கொண்டால் மெஷின் 40,000 என்று காட்டும். ஸ்மியரைப் பார்ப்பவருக்குத்தான் அது பொய்க்குறைவு என்று தெரியும். டெங்கு நாட்களில் அந்த ஒரு பார்வை எத்தனை வீடுகளின் பதற்றத்தைக் குறைக்கும் தெரியுமா?

மகன் முதலாண்டில் பிசியாலஜியில் தோற்றுவிட்டான். வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. (ஒரு தகப்பன்)

சப்ளிமெண்டரி தேர்வு இருக்கிறது ஐயா. முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்பு வரை உண்டு. வருகைப்பதிவு, தியரிக்கு 75 சதவீதமும் பிராக்டிகலுக்கு 80 சதவீதமும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தோற்ற பாடத்தை விட அந்தப் பேசாமைதான் எனக்குக் கவலை. சொந்தக்காரர்களிடம் மார்க் சொல்ல வேண்டியதில்லை என்று நீங்களே அவனிடம் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அவன் படிக்கும் கல்லூரி மருத்துவமனையில் காட்டக் கூச்சப்பட்டால் வேறு இடத்தில் காட்டுங்கள். முதலாண்டில் தோற்று, பின்னால் நான் என் குடும்பத்துக்கே வைத்தியம் பார்க்கச் சொல்லும் அளவுக்கு வளர்ந்தவர்கள் என் மாணவர்களில் இருக்கிறார்கள்.

எம்.டி. பிசியாலஜி எடுத்தால் 'பேஷன்ட் பார்க்காத டாக்டர்' என்று கேலி செய்கிறார்கள். எடுக்கலாமா?

சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும் என்றால் எடுங்கள். ரேங்க் கிடைக்காத கோபத்தில் எடுக்காதீர்கள். மூன்று வருஷமும் கசக்கும். நல்ல பிசியாலஜி ஆசிரியர் ஒருவர் வருஷத்துக்கு நூறு, நூற்றைம்பது டாக்டர்களின் யோசிக்கும் முறையையே மாற்றுகிறார்.

ஒரே நோயாளியின் வயிற்றைப் பத்துப் பேர் அமுக்குகிறோம். அவர் முகம் சுளிக்கும்போது குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. தொடாமல் எப்படிக் கற்பது?

இந்தக் குற்ற உணர்ச்சி உங்களிடம் கடைசி வரை இருக்கட்டும்.

கையால் கற்பதற்கு மாற்று இல்லை. மார்பைத் தட்டிப் பார்க்கும் முறையை வியன்னாவில் ஆவன்பிரக்கர் 1761-இல் எழுதிவைத்தார். அவர் விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி எவ்வளவு மது மிச்சம் என்று பார்ப்பதைச் சின்ன வயதில் கண்டவர் என்பார்கள். உலகம் வெகுகாலம் அதைக் கண்டுகொள்ளவில்லை. நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் 1808-இல் அதைப் பிரெஞ்சில் கொண்டுவந்த பிறகுதான் பரவியது. அவருடைய மாணவர் லெனெக்தான் 1816-இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர். இந்தத் தட்டும் ஓசையை முதலில் உங்கள் தொடையிலும், அறையின் சுவரிலும், நண்பனின் மார்பிலும் கேட்டுப் பழகுங்கள். ஓசை பிடிபட்ட பிறகு நோயாளியிடம் போங்கள்.

போகும்போது பத்துப் பேராகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். "ஐயா, நான் படிக்கிற பிள்ளை. உங்க வயித்தைத் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். சரி என்றால் திரையை இழுத்துவிட்டு, கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டு அந்த இடத்தைக் கடைசியில் தொடுங்கள். கண் வயிற்றில் இருக்க வேண்டாம், அவர் முகத்தில் இருக்கட்டும். முடிந்ததும் சட்டையைச் சரிசெய்து, போர்வையை மூடிவிட்டு, கீழே கிடக்கும் அவர் செருப்பைக் கால் எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.