காங்கோவின் பித்தளைக் கிறிஸ்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரையில், மேற்கு மத்திய ஆப்பிரிக்காவின் பழைய காங்கோ அரசின் பித்தளைச் சிலுவை ஒன்றின் படம் பார்த்தேன். கிறிஸ்துவுக்கு ஆப்பிரிக்க முகம். மிஷனரிகள் திணித்த மதத்துக்குள் அந்த மக்கள் தங்கள் பழைய தெய்வத்தை ஒளித்துவைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் என்றுதானே இதைப் புரிந்துகொள்ள வேண்டும்?

க.

அன்புள்ள க.,

திணிப்பு நடந்த இடங்கள் உண்டு. காங்கோ அப்படி அல்ல. 1491ல் ஞானஸ்நானம் பெற்ற என்சிங்கா ஆ என்குவு போரில் தோற்ற மன்னரல்ல, அரியணையில் இருந்தவர். அவர் மகன் அஃபொன்சோ பள்ளிகள் திறந்தார், தன் மகன் ஹென்ரிக்கை ஆயராகவும் ஆக்கினார். (அதே அஃபொன்சோதான் 1526ல் போர்த்துகீசிய மன்னருக்கு, உங்கள் வணிகர்கள் என் மக்களைப் பிடித்துப்போகிறார்கள் என்று எழுதியவர்.) குருக்களுக்கு எப்போதும் பஞ்சம். ஊர் ஊராக வேதம் சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் காங்கோக்காரர்களான உபதேசியார்களே.

படத்தை இன்னொருமுறை பாருங்கள். முகத்தை விடுங்கள். சிலுவையின் இரு கைகளிலும் விரற்கடை அளவு மனிதர்கள் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களை எந்த ஐரோப்பிய மாதிரியிலிருந்தும் எடுத்ததாகத் தெரியவில்லை. வார்த்தவர் தானாகச் சேர்த்தது. காங்கோ மரபில் முன்பே இருந்த சிலுவைக்குறியில் குறுக்குக்கோடு என்பது நீர். மேலே உயிரோடிருப்பவர்கள், கீழே இறந்தவர்கள், இரண்டையும் சுற்றிவரும் சூரியன். செத்து எழுந்த ஒருவரை அந்தக் குறியில் அறைந்து காட்டினால் அவர்களுக்கு அது சட்டென்று புரிந்திருக்கும். ஒளிக்க என்ன இருக்கிறது?

குழப்பம் மிஷனரிகள் பக்கம்தான் அதிகம். ‘என்கிசி’ என்பது சக்தியேற்றிய உருவத்துக்கான சொல். ‘புனிதம்’ என்பதற்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள். தேவாலயம் என்கிசியின் வீடு ஆனது. பூசாரியைக் குறித்த ‘என்கங்கா’ குருவானவருக்குப் போனது. 1645ல் வந்த கப்புச்சின் என்ற கத்தோலிக்க சபையின் துறவிகளோ ஊருக்குள் புகுந்து என்கிசிகளைக் கொளுத்தினார்கள். அப்படிக் கொளுத்திய யோரிஸ் வான் கீல் 1652ல் கிராமத்தார் கையால் செத்தார். 18ம் நூற்றாண்டுக் கப்புச்சின் ஒருவரின் நீர்வண்ண ஓவியத்திலும் ஒரு குடிசை எரிகிறது. பெருமையோடு வரைந்திருக்கிறார்.

ஒளித்துவைத்தார்கள் என்பதற்கு எதிராக இன்னொருவரையும் சொல்லவேண்டும். கிம்பா வீட்டா என்ற இளம்பெண், புனித அந்தோணியார் என்மேல் இறங்கியிருக்கிறார், ஏசு பிறந்தது நம் தலைநகரில்தான் என்று நாடறியச் சொன்னாள். 1706ல் அவள் எரித்துக் கொல்லப்பட்டாள். ‘தோனி மலாவு’ என்று பெயரிட்டு, கையில் குழந்தையோடு நிற்கும் குட்டி அந்தோணியார்களை அதன்பிறகும் காங்கோப் பெண்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.