‘எலக்ட்ரிக் சாமான்’ என்று பில் போடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் மின் ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறேன். கழற்றிப் போட்ட லித்தியம் பேட்டரிகள் 12 இருக்கின்றன. இரண்டு உப்பிவிட்டன. சேலத்து டீலரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். காய்கறி வண்டிக்காரர், “எலக்ட்ரிக் சாமான்னு பில் போடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க” என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அந்தப் பில்லில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து. வண்டி தீப்பிடித்தால் முதலில் புரட்டப்படுவதும் அதுதான்.

ஐ.நா. வகைப்பாட்டில் அபாயச் சரக்குகள் ஒன்பது வகுப்பு. முதல் எட்டில் அடங்காதவை ஒன்பதாவதில் வரும். உலர்பனி, கல்நார், லித்தியம் பேட்டரி எல்லாம் அங்கேதான். தனி லித்தியம் அயான் பேட்டரிக்கு ஐ.நா. எண் 3480. கருவிக்குள்ளோ கருவியுடனோ போனால் 3481. கடையில் இன்வெர்ட்டரின் பழைய ஆசிட் பேட்டரி கிடந்தால் இதோடு சேர்க்காதீர்கள். அது எட்டாம் வகுப்பு, அரிக்கும் பொருள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 129 முதல் 137 வரை அபாயச் சரக்குக்கானவை. சரக்கின் முழு விவரத்தையும் வண்டி உரிமையாளரிடம் தரவேண்டியது அனுப்புகிறவர், அதாவது நீங்கள். ஓட்டுநருக்கும் விதி 9-இன்படி தனிப் பயிற்சி வேண்டும். காய்கறி வண்டிக்காரரிடம் அது இருக்குமா? மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(3): முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் இதில் மாட்டுவார்.

சரி, லாரி சர்வீஸில் போட்டால்? சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007, பிரிவு 8-இன்படி விவரம் தவறானால் அவர்கள் நஷ்டத்தையும் நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். ரயிலிலும் அறிவிக்காமல் ஏற்றினால் ரயில்வே சட்டம் பிரிவு 164 இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை.

என் யோசனை: பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022 தயாரிப்பாளர் மீதே சேகரிக்கும் பொறுப்பைச் சுமத்துகின்றன. இரண்டு உப்பியவை இருப்பதைக் குறிப்பிட்டு, தகுந்த வண்டி அனுப்பச் சொல்லித் தயாரிப்பாளருக்கும் டீலருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

அதுவரை முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். உப்பியவற்றைத் தனித்தனியாக, வெர்மிகுலைட் என்னும் தீப்பற்றாத கனிமத் துகளை நிரப்பி (அங்குள்ள நர்சரிகளில் கேளுங்கள்), கடைக்கு வெளியே நிழலில் வையுங்கள். அவற்றைச் சார்ஜ் போட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவில் குலுங்கி இறங்க வேண்டிய சரக்கு அது.