நாலாயிரத்துக்குள் நல்ல மானிட்டர் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய லேப்டாப் கீழே விழுந்து திரை நொறுங்கிவிட்டது. மற்றதெல்லாம் ஓடுகிறது. புதுத் திரை போட ஆறாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். டேலி என்ற கணக்கு மென்பொருள் பாடத்தைக்கூட இப்போது போனில்தான் பார்க்கிறாள். பழைய மானிட்டர் ஒன்றை வாங்கி லேப்டாப்பில் மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்னால் நாலாயிரம் ரூபாய்வரை முடியும். வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
— ஒரு தாய், திண்டிவனம்

பதில்: தாராளமாக வாங்கலாம், அம்மா. சென்னை ரிச்சி தெருவில் மாடிக்கடை ஒன்றில் மானிட்டர் போர்டு ரிப்பேர் செய்தே என் வேலைக்காலம் முழுதும் போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கம்ப்யூட்டர் சாமான்களிலேயே பழையதாக வாங்கப் பயப்பட வேண்டாத பொருள் மானிட்டர்தான். ஹார்டு டிஸ்க்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் தெரியாது. பேட்டரியும் அப்படித்தான். மானிட்டரின் குறை மட்டும் எரியவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கடைக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ வாய் (டிவி, மானிட்டர் கேபிள் மாட்டும் இடம்) வேலை செய்கிறதா என்று பாருங்கள். கீழே விழுந்த லேப்டாப்பில் அந்த வாயும் அடிபட்டிருக்கலாம். பக்கத்து வீட்டு டிவியில் கேபிளை மாட்டி, விண்டோஸ் பட்டனை அழுத்தியபடி பி எழுத்தை ஒன்றிரண்டு முறை தட்டி, என்டர் கொடுக்கச் சொல்லுங்கள். டிவியில் படம் வந்தால் மானிட்டரிலும் வரும். வராவிட்டால் முதலில் அதைச் சரிசெய்துகொண்டுதான் மானிட்டருக்குப் பணம் எடுக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது 22 இன்ச் மானிட்டர். அளவை மட்டும் கேட்டால் போதாது, 1920-க்கு 1080 ரெசல்யூஷனா (அகலத்திலும் உயரத்திலும் உள்ள புள்ளிகளின் கணக்கு) என்றும் கேளுங்கள். 19 இன்ச், 20 இன்ச் திரைகளில் பல 1366-க்கு 768, 1600-க்கு 900 என்ற கணக்கில் இருக்கும். டேலியில் நாலைந்து நெடுவரிசை திறந்தாலே அதில் இடம் போதாது. 27 இன்ச் பெரிதாகத் தெரியும், ஆனால் அதே 1080 புள்ளிகளை அவ்வளவு பெரிய பரப்பில் விரித்தால் எழுத்து சொரசொரப்பாகிவிடும். படிக்கிற பிள்ளைக்கு 22 இன்ச்சில் வரும் கூர்மை முக்கியம்.

நல்ல பழைய மானிட்டர்கள் ஆபீஸ் லாட்டில்தான் வரும். பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றும்போது கழிபவை இவை. டெல் பி வரிசை, எச்பி எலைட் டிஸ்ப்ளே, லெனோவோ திங்க்விஷன் என்று பெயர் போட்டிருக்கும். வீட்டுக்கென்று மலிவாகச் செய்ததைவிட இவற்றின் பவர் போர்டும் ஸ்டாண்டும் திடமானவை. பலவற்றில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். குனிந்து குனிந்து போனில் படித்த பிள்ளைக்குத் திரை கண் மட்டத்துக்கு வருவது எவ்வளவு ஆறுதல் என்பதை ஒரு வாரத்தில் அவளே சொல்வாள்.

திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு வர முடியுமானால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு இரண்டையும் சுற்றிப் பாருங்கள். அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், அதனால் வேலை நாளில் காலையில் வாருங்கள். லேப்டாப்பையும் எச்டிஎம்ஐ கேபிளையும் கூடவே எடுத்து வாருங்கள். உங்கள் லேப்டாப்பில் மாட்டிப் படம் வந்தபிறகு பணம் கொடுப்பதுதான் முறை.

இனி சோதனை. பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். 2015-க்கு முந்தையதை வாங்கச் சொல்ல மாட்டேன். 2010 வாக்கில் வந்த பலவற்றில் திரைக்குப் பின்னால் மெல்லிய டியூப் விளக்குகள் இருந்தன. வயதானால் அவை மங்கி, வெள்ளை நிறம் மஞ்சளாகத் தெரியும். பின்னால் வந்தவை எல்இடி. மின்சாரமும் குறைவாக எடுக்கும், 22 இன்ச் எல்இடி சுமார் 20, 25 வாட்டில் ஓடும்.

திரை முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஒவ்வொரு நிறமாக வரச் செய்யுங்கள். ஆறு நிறப் படங்களை மகளே செய்து லேப்டாப்பில் வைத்துக்கொள்ளலாம். டெல்லின் பல மாடல்களில் இந்தச் சோதனை உள்ளேயே உண்டு. கேபிளைக் கழற்றிவிட்டு, முன்பக்க பட்டன்களில் குறிப்பிட்ட இரண்டைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் நிறங்கள் வரிசையாக வரும். எந்த இரண்டு என்பது மாடலுக்கு மாடல் மாறும், கடைக்காரரையே செய்துகாட்டச் சொல்லுங்கள். வெள்ளையில் மூலைகள் இருண்டிருக்கிறதா, வெளிச்சப் பொட்டுகள் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சாம்பலில் பழைய டாஸ்க்பாரின் (விண்டோஸ் திரையின் அடிப்பட்டை) நிழல் அடியில் படிந்திருந்தால் தெரியும், விரல் அழுத்திய வடுவும் தெரியும். கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிவது கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி செத்திருந்தால் அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். நடுவில் இருந்தால் வேண்டாம். கோடு ஓடினால், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், தொடவே வேண்டாம்.

கடைகளில் பெரும்பாலும் பிரைட்னஸை 100-ல் வைத்திருப்பார்கள். மெனுவுக்குப் போய் 30-க்கு இறக்குங்கள். அங்கே திரை துடிக்கிறதா என்று போன் கேமரா வழியாகப் பாருங்கள். அழுத்தமான பட்டைகள் ஓடினால் அந்தத் திரையில் நெடுநேரம் படிக்கும்போது சிலருக்குக் கண் வலிக்கும். 100-ல் வைத்தும் மங்கலாகவே இருந்தால் விளக்கு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் பாருங்கள். நிறம் அப்படியே இருந்தால் ஐபிஎஸ் பேனல், அதைத்தான் நான் விரும்புவேன். கீழிருந்து பார்க்கும்போது படம் கறுத்துத் தலைகீழ் நிறம் காட்டினால் டிஎன் பேனல். அதற்கு விலை குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக, அரைமணி நேரம் எரியவிடச் சொல்லுங்கள். போர்டில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளை) போன்றவற்றில் கோளாறு இருந்தால் சிலநேரம் சூடேறிய பிறகுதான் திரை அணைந்து அணைந்து வரும். ஐந்து நிமிடத்தில் பில் போட அவசரப்படுத்துகிற கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. அதே அளவு புது மானிட்டர் என்ன விலை என்று முன்னாடியே போனில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்குமேல் பழையதற்குக் கொடுக்கலாகாது என்பது என் கணக்கு. வீட்டுக்குக் கொண்டுபோகும்போது பஸ்ஸில் படுக்கவைக்காமல், திரைப்பக்கம் அட்டை வைத்து நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெல் யு2412எம் மானிட்டர் ஒன்று 24 இன்ச்சில் நல்ல நிலையில் கிடைத்தது, வாங்கிவிட்டேன். அதில் எச்டிஎம்ஐ இல்லை. என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும்தான். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிள் வாங்கிப் போட்டேன், படமே வரவில்லை. மானிட்டர் கெட்டதா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மானிட்டர் நன்றாகத்தான் இருக்கும், தம்பி. அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டும் திரைப்பக்கம் எச்டிஎம்ஐயும் இருந்தால்தான் அது வேலை செய்யும். நீ மாட்டியது எதிர்த்திசை. அதற்கு யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் தனி கன்வெர்ட்டர் வேண்டும், விலையும் கூடுதல். உனக்கு அது தேவையில்லை. உன் மானிட்டரின் பின்னால் வெள்ளை நிறத்தில் அகலமான டிவிஐ வாய் இருக்கும். எச்டிஎம்ஐ–டிவிஐ கேபிள் ஒன்றை வாங்கி அதில் மாட்டு. மாட்டியபின் மானிட்டர் மெனுவில் இன்புட்டை டிவிஐ என்று மாற்று. சத்தத்துக்கு லேப்டாப் ஸ்பீக்கர் இருக்கவே இருக்கிறது.

நீ வாங்கியது எனக்கு மிகப் பிடித்த மாடல். 1920-க்கு 1200, ஐபிஎஸ். வழக்கமான 1080-ஐவிட உயரத்தில் 120 வரிப் புள்ளிகள் அதிகம் என்பதால் புரோகிராம் எழுதவும் கட்டுரை படிக்கவும் அருமையாக இருக்கும். 2011-ல் வந்த மாடல் என்பதால் பின்பக்கத் தேதியை மட்டும் பார்த்துவை.

கேள்வி: இணையத்தில் ஒருவர் மானிட்டரை 1,500 ரூபாய்க்கு விளம்பரம் செய்திருந்தார். ராணுவத்தில் இருப்பதாகவும் மாற்றலாகிப் போவதாகவும் சொல்லி, முன்பணம் அனுப்பினால் பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். அடையாள அட்டையும் அனுப்பினார். நம்பலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: நம்பாதீர்கள். ராணுவப் பெயரைச் சொல்லி முன்பணம் வாங்குவது நாடு முழுக்கத் தெரிந்த மோசடி. அடையாள அட்டைப் படத்தை யாரும் யாருக்கும் அனுப்ப முடியும். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. பழைய மானிட்டரை நேரில், எரியும் நிலையில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் மானிட்டரில் நடுவே பச்சைக் கோடு நெட்டுக்கு ஓடுகிறது. அண்ணனுடைய மானிட்டர் இரண்டு விநாடி எரிந்து அணைந்துவிடுகிறது. யூடியூப் பார்த்து இரண்டையும் நானே திறந்து சரிசெய்யலாமா?
— பிளஸ் டூ மாணவி, தஞ்சாவூர்

பதில்: திறக்க வேண்டாம், மகளே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதைக் கழிக்கத் தெரியாமல் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. உன் ஆர்வம் நல்லது. அருகில் உள்ள சர்வீஸ் கடையில் விடுமுறையில் உட்கார்ந்து கற்றுக்கொள், அவர்கள் மேற்பார்வையில் திற.

அண்ணனுடையதை முதலில் கடைக்குக் கொண்டுபோ. பவர் போர்டில் கெப்பாசிட்டர் போயிருந்தால் சில நூறு ரூபாயில் பிழைத்துவிடும். விளக்கு போயிருந்தால் செலவு கூடும். உன்னுடையதில் முதலில் கேபிளை மாற்றிப் பார், வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார். மானிட்டரின் சொந்த மெனுவின்மீதும் அந்தக் கோடு ஓடினால் பேனலில் கோளாறு. பேனல் மாற்றும் காசுக்கு இன்னொரு பழைய மானிட்டரே வந்துவிடும். அந்தக் கோட்டோடு பழகிக்கொள்ள முடிந்தால் படிப்பு முடியும்வரை ஓட்டு. தூக்கிப்போடும் நாள் வந்தால் குப்பையில் போடாமல், மின்கழிவு எடுக்கும் பதிவுபெற்ற மையத்தில் கொடு.