மாத்திரையா, மசக்கையா, மனசா?

கர்ப்ப காலத்தில் மனநல மருந்து எடுப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்லும் நான் மனநல மருத்துவர். யாருக்கும் இங்கே டோஸ் சொல்லப் போவதில்லை. நேரில் பார்க்காமல் அதைச் சொல்வது சரியில்லை. மற்றபடி எதையும் மறைக்காமல் பேசலாம்.

கேள்வி: நேத்துதான் டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்துச்சு டாக்டர். ரெண்டு வருஷமா செர்ட்ராலின் எடுக்கிறேன். பயத்துல நேத்து ராத்திரி மாத்திரையைப் போடல. நிறுத்தினது சரிதானே?

சரியில்லை. இன்றைய மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே பேசுங்கள். எந்த மருந்தும் தொடாத தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் 100க்கு 2, 3 குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் அந்தக் கணக்கைப் பெரிதாகக் கூட்டுவதாகத் தெரியவில்லை. கர்ப்பிணிகளிடம் மிக அதிகமாகப் பயன்பட்டு, அனுபவம் சேர்ந்த மருந்துகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்த கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2006இல் வெளிவந்தது. மருந்தை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. லேசான நோயாக ஒரே ஒரு தடவை வந்து போனவர்கள் டாக்டர் துணையோடு மெல்லக் குறைத்து நிறுத்துவதும் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக நிறுத்துவதுதான் கூடாது. தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல் ஒரு வெட்டு, காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். நீங்கள் அதை மசக்கை என்றே நினைத்துக்கொள்வீர்கள்.

கேள்வி: எனக்கு பைபோலார், மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய். அதுக்கு வால்புரோயேட் எடுக்கிறேன். இப்போ ஏழாவது வாரம். நானும் தொடரலாமா மேடம்?

உங்கள் விஷயம் வேறு. இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அடுத்த வாரத்து அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். வால்புரோயேட் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் 100க்குச் சுமார் 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறைகள் வருகின்றன. 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு, வளர்ச்சியில் பின்னடைவு இருக்கலாம். இந்த மருந்து பாதிக்கக்கூடிய, முதுகுத்தண்டு உருவாகும் குழாய் கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்கிட்டால் ஆறாவது வாரத்துக்குள் மூடிவிடுகிறது. ஆனால் மூளை வளர்ச்சி ஒன்பது மாதமும் நடக்கிறது, அதனால் இப்போது மாற்றினாலும் பலன் உண்டு. நீங்களாக நிறுத்தினால் மேனியா, அதாவது கட்டுக்கடங்காத மன எழுச்சி, வெடிக்கும் அபாயம் இருக்கிறது. எதற்கு மாற்றுவது, எப்படி மாற்றுவது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஃபோலிக் அமில அளவையும் ஸ்கேன் தேதிகளையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற, வால்புரோயேட் எடுக்கிற, இன்னும் கர்ப்பமாகாத பெண்களே, இந்தப் பேச்சை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி: ஐந்தாவது மாதம். படி ஏறினா மூச்சு வாங்குது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, எப்பவும் அசதி. பழைய பதற்ற நோய் திரும்பிடுச்சா, மாத்திரை வேலை செய்யலையா, இல்ல இது கர்ப்பம்தானா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இதயம் நிமிடத்துக்கு 10 முதல் 20 துடிப்பு வரை கூடுதலாக அடிக்கும். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மூச்சை ஆழமாக்குவதால் மூச்சு போதாத உணர்வும் வரும். இரண்டும் இயல்பு. ஆனால் ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே வேஷத்தில் வரும். ஆகவே முதல் வேலை ரத்தப் பரிசோதனை. "உனக்குத்தான் பதற்றம் இருக்கே" என்று யாராவது அதைத் தள்ளிப்போட்டால் விடாதீர்கள். மனநல மருந்துச் சீட்டு கையில் இருந்தால் உடம்பில் வரும் எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டிவிடும் பழக்கம் மருத்துவர்களிடமும் உண்டு.

பிறகு நேரத்தைக் கவனியுங்கள். படி ஏறும்போது வந்து உட்கார்ந்ததும் அடங்கினால் பெரும்பாலும் கர்ப்பம். சும்மா இருக்கும்போது திடீரென்று கிளம்பி, பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், செத்துவிடுவோமோ என்ற பயத்தோடு வந்து தானே இறங்கினால் பேனிக் அட்டாக்காக இருக்கலாம். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் மட்டும் வந்தாலோ, டோஸ் மாற்றிய வாரத்தில் தொடங்கியிருந்தாலோ மாத்திரையைச் சந்தேகிக்கலாம். ஒரு வாரம் நேரத்தோடு குறித்து வந்து காட்டுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது இவற்றில் எது இருந்தாலும் குறித்துக்கொண்டு உட்கார வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அசதி, தூக்கம், பசி இவற்றை வைத்து கர்ப்பத்தில் மனச்சோர்வை அளக்க முடியாது, எல்லாருக்கும் அவை மாறும். 1987இல் வந்த, மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாளின் 10 கேள்விகளும் பெரும்பாலும் உடம்பை விட்டு மனசையே கேட்பது அதனால்தான். சிரிக்க முடிகிறதா, எதையாவது ஆசையோடு எதிர்பார்க்கிறீர்களா, காரணமில்லாமல் உங்களையே குறை சொல்கிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அசதியிலும் குழந்தைக்குப் பெயர் யோசிக்கத் தோன்றுகிறதென்றால் அது நல்ல அறிகுறி.

கேள்வி: (பெயர் வேண்டாம்) காலையில் ஏன் விழித்தோம் என்றிருக்கிறது. நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றுகிறது. இதுவும் ஹார்மோனா?

இல்லை, இது மனச்சோர்வு. சிகிச்சையில் குணமாகும். இதைப் படித்ததும் வீட்டில் ஒருவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இன்றே அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். தனியாக இருக்க வேண்டாம், மாத்திரை டப்பாவை அவரிடமே கொடுத்துவிடுங்கள். உயிரை முடித்துக்கொள்ளும் திட்டம் ஏதாவது மனதில் இருந்தால் இப்போதே அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

கேள்வி: போட்ட மாத்திரை வாந்தியிலேயே போயிடுது.

மசக்கை பொதுவாக ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். அதுவரை, வயிறு அமைதியாக இருக்கும் வேளைக்கு மாத்திரையை மாற்றலாமா என்று கேளுங்கள். வாந்திக்கு மருந்து எழுதுபவரிடம் மனநல மருந்துகளின் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள். மெட்டோகுளோப்ரமைடு என்ற வாந்தி மருந்து, சைக்கோசிஸ் (நிஜம் எது என்று பிடிபடாமல் போகும் நோய்) மருந்துகளோடு சேர்ந்தால் கழுத்து, தாடை இழுத்துக்கொள்ளலாம். ஆன்டான்செட்ரான் என்ற இன்னொரு வாந்தி மருந்து, மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டாலோப்ராமோடு சேரும்போது இதயத் துடிப்பின் தாளத்தைக் கவனிக்க வேண்டும்.

பைபோலாருக்கு லித்தியம் எடுப்பவர்கள் இதைத் தனியாகக் கவனியுங்கள். வாந்தியில் உடம்பு நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை அதிகமாக நடுங்குவது, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போய் அளவைப் பாருங்கள். தலைவலிக்கு ஐப்யூபுரூஃபன் வேண்டாம், அதுவும் லித்தியத்தை ஏற்றும்.

கேள்வி: மனைவிக்கு எட்டாவது மாதம். படுத்தா காலை அசைச்சுக்கிட்டே இருக்காங்க, தூக்கமே இல்ல. டென்ஷனா?

டென்ஷனாகத் தெரியவில்லை. 'அமைதியற்ற கால்' கோளாறு கடைசி மூன்று மாதத்தில் அதிகம். இரும்புச் சத்துக் குறைவு ஒரு காரணம், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகள் சிலவும் தூக்கம் தரும் அலர்ஜி மாத்திரைகளும் இதைக் கூட்டும். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் போய்விடும்.

கேள்வி: மகள் எஸ்சிட்டாலோப்ராம் எடுக்கிறாள். பிறந்ததும் குழந்தை நடுங்கும் என்கிறார்களே, கடைசி மாதம் நிறுத்திவிடலாமா?

வேண்டாம் அம்மா. இவ்வகை மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளில் 100க்குச் சுமார் 30 பேர் முதல் சில நாள் சற்று நடுங்கலாம், வேகமாக மூச்சு விடலாம், விடாமல் அழலாம். பெரும்பாலும் சில நாளில், அதிகம் போனால் இரண்டு வாரத்தில், தானே சரியாகும். குழந்தையைக் கவனிக்க வசதியுள்ள இடத்தில் பிரசவம் நடக்கட்டும். மகள் மருந்தில்லாமல் பிரசவத்துக்குள் போவதுதான் எனக்குப் பயம்.

கேள்வி: பைபோலாருக்கு எடுக்கும் லாமோட்ரிஜின் டோஸைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். நோய் முற்றுகிறதா?

இல்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற ஏற ஈரல் அந்த மருந்தை வேகமாக வெளியேற்றுகிறது. சிலருக்கு ரத்தத்தில் அளவு பாதிக்கும் கீழே இறங்கும். பிரசவமானதும் சில வாரத்தில் ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். அதே டோஸில் இருந்தால் பார்வை இரட்டையாகும், தலை சுற்றும், நடை தள்ளாடும். எப்போது எவ்வளவு குறைப்பது என்று இப்போதே டாக்டரிடம் எழுதி வாங்கி, பிரசவ ஃபைலில் வைத்துவிடுங்கள். குழந்தை கையில் வந்தபின் அதை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.