அணிலின் பை எங்கே?

வாசகர் கேள்விகளுக்குச் சிறுவர் எழுத்தாளரின் பதில்கள்

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சிறுவர் கதை எழுதலாமா?

இப்போதைக்கு விடாதீர்கள். என் முதல் ஒன்பது புத்தகங்களையும் வேலையில் இருந்துகொண்டேதான் எழுதினேன். ராயல்டி என்பது புத்தக விலையில் சிறு பங்கு. படக்கதை என்றால் அதிலும் ஓவியருக்குப் பங்கு உண்டு. பள்ளிகளுக்குப் போய்க் கதை சொல்லக் கட்டணம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அதுவும் உழைப்புதான்.

கேள்வி: என் படக்கதையை மூன்று பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. என்ன செய்வது?

இங்கிலாந்தின் சிறுவர் எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதை, 1893இல் உடம்பு சரியில்லாத ஒரு சிறுவனுக்குப் படம் போட்டு எழுதிய கடிதமாகத்தான் பிறந்தது. பதிப்பகங்கள் மறுத்ததும் 1901இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். முன்பு மறுத்தவர்களில் ஒருவரே அடுத்த ஆண்டு அதை வெளியிட்டார்.

சரி, அடுத்த இடத்துக்கு அனுப்பும் முன் ஒரு வேலை செய்யுங்கள். எட்டுத் தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்கம் வரும். பெரும்பாலான படக்கதைகளின் அளவு அதுதான். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டுவதால் வந்த கணக்கு. அதில் உங்கள் கதையைப் பக்கம் பக்கமாக எழுதி, சத்தமாகப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பக் கை தானாகப் போகவில்லையோ, அங்கே கதை தொய்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு ஓர் எழுத்தாளரை அழைக்கிறோம். எல்லாப் பிள்ளைகளையும் அரங்கில் உட்கார வைக்கலாமா? – ஓர் ஆசிரியை

வேண்டாம் டீச்சர். ஒருமுறை அறுநூறு பிள்ளைகளுக்கு மைக்கில் கதை சொன்னேன். மூன்றாவது வரிசைக்கு மேல் யாருக்கும் படம் தெரியவில்லை. கைதட்டச் சொன்னதும் தட்டினார்கள், ஒரு கேள்விகூட வரவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

ஒரு வகுப்பு போதும். தரையில், புத்தகம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் உட்காரட்டும். ஒரு வாரம் முன்பே அந்தப் புத்தகம் அவர்கள் கையில் புரளட்டும். ஆசிரியர்களும் கூடவே உட்கார்ந்து கேட்டால் நல்லது. அப்புறம், கேள்விகளை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்படி ஒரு வகுப்பில், மணி அடித்து எல்லோரும் கலைந்த பிறகு ஒரு சிறுமி மட்டும் நின்றாள். வாயே திறக்காமல் இருந்த பிள்ளை. என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, பத்தாம் பக்கத்தில் அணிலின் தோளில் தொங்கிய துணிப்பையைத் தொட்டாள். பக்கத்தைத் திருப்பினாள். வெறும் தோளில் விரலை வைத்தாள். "பையை எங்க வச்சுச்சு?"

நான், ஓவியர், பதிப்பாசிரியர் மூன்று பேரும் எத்தனையோ தடவை பார்த்த பக்கம் அது! தெரியவில்லை என்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். "மரத்துல மாட்டியிருக்கும்," என்றாள். மறுபதிப்பில் ஓவியர் அந்தப் பையைக் கிளையில் மாட்டிவிட்டார். முதல் பிரதியை அவள் வகுப்புக்கு அனுப்பினேன்.