காகித வியர்வை சென்சாருக்கு எந்த வினையூக்கி? கேள்வி பதில்

கேள்வி: வியர்வையில் குளுக்கோஸை அளக்க, காகிதத்தில் கார்பன் மையால் அச்சிட்ட மின்முனைமேல் நொதி வேண்டாமென்று நிக்கல் ஆக்சைடு பூசினேன். சோடியம் ஹைட்ராக்சைடில் குளுக்கோஸைப் பிரமாதமாகக் காட்டியது. செயற்கை வியர்வையில் ஒன்றுமே இல்லை. ஏன்?

பதில்: வராதுதான். அங்கே குளுக்கோஸை ஆக்சிஜனேற்றுவது நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு. அது உருவாகக் காரம் வேண்டும், 0.1 மோலார் ஹைட்ராக்சைடின் பி.எச். 13, வியர்வைக்கோ ஏறத்தாழ 4.5 முதல் 7 வரை. செம்பு, கோபால்ட் ஆக்சைடுகளுக்கும் இதே கதி. தங்கமும் பிளாட்டினமும் நடுநிலையிலும் வேலை செய்யும்; ஆனால் குளோரைடு பரப்பில் ஒட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வியர்வையில் அதற்குப் பஞ்சமில்லை. காரத்தைக் காகிதத்திலேயே உலர்த்தி வைத்தால், காற்றின் கார்பன் டைஆக்சைடு அதைக் கார்பனேட்டாக்கிவிடும். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியோடு பிரஷ்யன் புளூ என்ற இரும்பு–சயனைடு நீல நிறமியைச் சேர்ப்பதே என் தேர்வு. நொதி தரும் ஹைட்ரஜன் பெராக்சைடை அது 0 வோல்ட் அருகிலேயே ஒடுக்கும் (எலக்ட்ரான் கொடுக்கும்); அந்த மின்னோட்டத்தைத்தான் அளக்கிறோம். மாறாக, பிளாட்டினத்தில் 0.6 வோல்ட் வைத்தால் யூரிக் அமிலமும் வைட்டமின் சியும் கூடவே எரிந்து மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டும்.

கேள்வி: பிரஷ்யன் புளூவைக் காகிதத்தில் எப்படிப் படிய வைப்பது? எனக்குத் திட்டுத் திட்டாக வருகிறது.

பதில்: திட்டு வருவது பெரும்பாலும் கார்பன் மையின் பிசினால். நிறைவுற்ற சோடியம் கார்பனேட்டில் 1.2 வோல்ட் சில நிமிடம் கொடுத்துப் பரப்பைத் திறந்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். காரம் மிஞ்சினால் அடுத்து வரும் படலமே கெடும்.

கரைசல்: ஃபெரிக் குளோரைடு 2.5 மில்லிமோலார், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 2.5 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தலா 0.1 மோலார். இரண்டு இரும்பு உப்புகளையும் கடைசி நிமிடத்தில்தான் கலக்க வேண்டும். வைத்திருந்தால் கரைசலே நீலமாகி வீழ்படிவு வரும். 0.4 வோல்ட்டில் 30 முதல் 60 விநாடி. தடிமனாகப் போட ஆசைப்படாதீர்கள், உரிந்துவிடும். பிறகு இரும்பு உப்பில்லாத அதே கரைசலில் -0.05 முதல் 0.35 வோல்ட் வரை, வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை 20 சுற்று ஓட்டுங்கள்.

ஒப்பு மின்முனைக்காக (மின்னழுத்தத்தை எதனோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அது) அச்சிட்ட வெள்ளியை இந்தக் கரைசலில் நனைக்கவே கூடாது, ஃபெரிசயனைடு அதை அரித்துவிடும். படிய வைக்கும்போது வேறொரு ஒப்பு மின்முனையை வெளியிலிருந்து வையுங்கள்.

கேள்வி: படலத்தை 100 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தச் சொல்கிறார்கள். திரவம் வழியாமல் காகிதத்தில் அச்சிட்ட மெழுகு வேலி பரவிவிடுகிறதே?

பதில்: பரவத்தான் செய்யும். உலர்த்திய பிறகு மெழுகு அச்சிடுங்கள், இல்லையென்றால் 50 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். நொதி எப்போதும் கடைசி.

கேள்வி: அரை மணியில் மின்னோட்டம் பாதியாகிறது. நொதி செத்துவிட்டதா?

பதில்: நொதியைப் பழிக்குமுன் பெராக்சைடை மட்டும் விட்டுப் பாருங்கள். அதிலும் குறைந்திருந்தால் குற்றவாளி படலம்தான். பெராக்சைடு ஒடுங்கும்போது ஹைட்ராக்சைடு பிறக்கிறது. காகித இழைகளுக்குள் அது சீக்கிரம் வெளியேறாமல் இரும்பு–சயனைடு பிணைப்பை உடைக்கிறது. இன்னொன்று: பிரஷ்யன் புளூப் படிகம் வேலை செய்ய ஓர் அயனி உள்ளே நுழைய வேண்டும். பொட்டாசியம் எளிதாக நுழையும், நீர் சூழ்ந்த சோடியத்துக்கு இடம் போதாது. வியர்வையிலோ சோடியமே அதிகம். மேலே நிக்கல் ஹெக்சாசயனோஃபெரேட் (பிரஷ்யன் புளூவைப் போன்ற நிக்கல் சேர்மம்) மெல்லிய அடுக்கு போட்டால் ஆயுள் கூடும். தொடர்ந்து மின்னழுத்தம் கொடுக்காமல், வேண்டும்போது மட்டும் 60 விநாடி அளந்தாலும் படலம் தாங்கும்.

கேள்வி: ஒரே வினையூக்கி லாக்டேட்டுக்கும் போதுமா?

பதில்: போதும், நொதியை மட்டும் மாற்றுங்கள். ஆனால் குளுக்கோஸ் மைக்ரோமோலாரில் இருக்கும், லாக்டேட் பல மில்லிமோலார். லாக்டேட் ஆக்சிடேஸ் சீக்கிரமே நிறைவடைந்துவிடும் என்பதால், மேலே கைட்டோசான் அல்லது நாஃபியான் பாலிமர் படலம் போட்டு லாக்டேட் உள்ளே வரும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கேள்வி: ஆளுக்கு ஆள் அளவு நகர்கிறதே?

பதில்: வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பு மின்முனையைப் பாருங்கள். வியர்வைக் குளோரைடு 20 மில்லிமோலாரிலிருந்து 80 ஆனால் அதன் மின்னழுத்தம் 36 மில்லிவோல்ட் நகரும். அதைச் சுற்றிக் குளோரைடு மாறாமலிருக்க, ஒரு மில்லிலிட்டர் மெத்தனாலில் பாலிவினைல் பியூட்டிரால் என்ற பாலிமர் 79 மில்லிகிராம், சோடியம் குளோரைடு 50 மில்லிகிராம் கலந்து அதன்மேல் பூசி, இரவு முழுக்க உலரவிடுங்கள்.