மினியேச்சர் ரயில் காட்சியில் அரசியல் நையாண்டி செய்வது எப்படி? சிரிப்பும் வர வேண்டும், சண்டையும் வரக்கூடாது

இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சின்னதாக ஒரு ரயில் மாடல் செய்து அதில் நம் ஊர் அரசியலைக் கிண்டல் செய்ய எங்கிருந்து தொடங்குவது என்பது ஒன்று. எல்லாக் கட்சிக்காரரும் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும்படி எப்படிச் செய்வது என்பது இன்னொன்று. நான் ஒன்று செய்து முடித்திருக்கிறேன், அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் செங்கோட்டைக்காரன். போர்டு எழுதுவது தொழில், அப்பாவுக்கும் அதுதான். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் தேர்தல் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. மலைக்கு இந்தப் பக்கம் தமிழில், அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை என்று மலையாளத்தில், எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுதியிருக்கிறோம். அப்பா காலை வண்டியில் பெயிண்ட் டப்பாவோடு புனலூர் போய் எழுதிவிட்டு சாயங்கால வண்டியில் திரும்புவார். இந்த ஊரில் பிறந்தவனுக்கு ரயிலையும் அரசியலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாஞ்சிநாதன் எங்கள் ஊர். 1911 ஜூன் 17 அன்று அவர் கலெக்டர் ஆஷைச் சுட்டது மணியாச்சி ஸ்டேஷனில் நின்ற ரயில் பெட்டியில். 1956 நவம்பர் 1 அன்றுதான் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தோம். அதற்கப்புறமும் சொந்தபந்தம் பாதி மலைக்கு அந்தப் பக்கம்தான்.

இப்படி ஒரு காட்சியைச் சின்ன அளவில் கட்டி வைப்பதை டயோரமா என்பார்கள். அந்தப் பெயர் வேண்டுமானால் நமக்குப் புதுசாக இருக்கலாம். நவராத்திரிக் கொலுவில் கீழ்ப்படிக்கு முன்னால் தரையில் பூங்கா கட்டுவார்களே, கேழ்வரகு முளைக்கப் போட்டு வயல், கண்ணாடித் துண்டில் குளம், செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், அதேதான் இது. அதில் ஒரு ரயில் ஓடுகிறது, அவ்வளவுதான். ரயில் மாடலில் வேடிக்கை சேர்ப்பதும் பழைய வழக்கம். அமெரிக்காவில் ஜான் ஆலன் என்பவர் பல வருஷம் உழைத்துக் கட்டிய மாடலில், பெட்டிகளை இழுத்து மாற்றிவிடும் வேலைக்கு எஞ்சினுக்குப் பதிலாக ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரை நிறுத்தியிருந்தார். 1973-ல் அவர் இறந்த சில நாளிலேயே அந்த மாடல் தீயில் போய்விட்டது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் 2001-ல் திறந்த மினியேட்டூர் வுண்டர்லாண்ட் என்ற பெரிய ரயில் மாடல் காட்சி இருக்கிறது. 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற சமயத்தில் அங்கே அமெரிக்கப் பகுதியைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பினார்கள். கேலிக்கு ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. சுவரைப் பார்த்த எல்லாருக்கும் விஷயம் புரிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். துபாயில் இருக்கும் அக்கா மகன் ஒரு பழைய ஹெச்ஓ செட் கொண்டுவந்து கொடுத்தான். ஹெச்ஓ என்றால் 87-ல் ஒரு பங்கு அளவு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், 12 வோல்ட் டிசி கரண்ட். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், அதை 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். ஆக, தண்டவாளம் இருக்க வேண்டியதைவிடக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஒடுக்கம். கடையில் கிடைப்பது அதுதான், கண்ணுக்கும் உறுத்தாது, ஓட்டலாம். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட் ஒன்று போதும். எங்கள் செட்டின் வளைவு ஆரம் 37 சென்டிமீட்டர் மாதிரி, நாலடி அகலத்தில் தாராளமாகத் திரும்பும்.

மலைப்பாதை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புனலூர் செங்கோட்டை ஏற்றம் 37-க்கு 1. பின்னால் இன்னொரு எஞ்சின் வைத்துத் தள்ளித்தான் வண்டியை ஏற்றுவார்கள். அதே ஏற்றத்தைப் பலகையில் வைத்தேன். 6 சென்டிமீட்டர் உயர 222 சென்டிமீட்டர் தண்டவாளம் ஓடுகிறது. சின்ன எஞ்சின் மூன்று பெட்டியோடு ஏறியது, நாலாவது பெட்டி சேர்த்ததும் சக்கரம் வழுக்கியது. அப்புறம் மலை. தெர்மாகோலை அடுக்கிச் செதுக்கி, மேலே பேப்பர் ஒட்டி, பிளாஸ்டர் பூசினேன். இங்கே ஒரு எச்சரிக்கை: தெர்மாகோல் மேல் எனாமலோ தின்னரோ படவே கூடாது, கரைந்து குழியாகிவிடும். கைப்பழக்கத்தில் நான் எனாமல் டப்பாவைத் திறந்துவிட்டேன், ஆரியங்காவு மலையில் பாதி போய்விட்டது. எமல்ஷன் மட்டும் அடியுங்கள். ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்துப் போட்டு, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விடும் கலந்து சொட்டு மருந்து பாட்டிலால் விடுங்கள். லிக்விட் இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும். ரப்பர் மரத்துக்குப் பழைய ஒயரின் செம்புக்கம்பியை முறுக்கினேன். மற்ற மரமெல்லாம் காய்ந்த துளசிக் கதிர். கழுதுருட்டியில் இருக்கும் 13 கண் பாலத்தை இடமில்லை என்று முதலில் 7 கண்ணாகச் செய்தேன். பார்க்க வந்த பையன்கள் எல்லாரும் விரல் விட்டு எண்ணினார்கள். உடைத்துவிட்டு 13 கண்ணும் வைத்துச் சின்னதாகக் கட்டினேன்.

நையாண்டி விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்றுதான். எதையும் பெரிதாக்காதீர்கள், அளவை மட்டும் சரியாக வையுங்கள்.

முதலில் நான் நேர் எதிராகத்தான் செய்தேன். தொப்பை பெருத்த தலைவர், நோட்டுக்கட்டு மூட்டை, நாற்காலியைப் பிடித்து இழுக்கும் இருவர். எம்-சீலில் பிடித்துப் பெயிண்ட் அடித்துப் பார்த்தால் பத்திரிகையில் ஆயிரம் தடவை பார்த்த படம். டீக்கடை சேட்டன் ஒருவர் ஆரியங்காவிலிருந்து வந்து பார்த்தார். மரியாதைக்குச் சிரித்தார், பிறகு பாலத்தைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தொழிலில் பார்த்ததை அப்படியே செய்வது என்று முடிவு செய்தேன்.

ஆளுயரம் 165 சென்டிமீட்டர் என்றால் மாடலில் 19 மில்லிமீட்டர். நாங்கள் வரைந்த கட்அவுட் 40 அடி, மாடலில் 14 சென்டிமீட்டர். இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நான் எதையும் கூட்டவில்லை, வகுத்தது மட்டும்தான். கட்அவுட் நிழலில் ஒரு பாட்டி பஸ்ஸுக்கு நிற்கிறாள். பஸ் கட்அவுட்டுக்குப் பின்னால் வருகிறது, அவளுக்குத் தெரியாது. வந்தவர்கள் முதலில் கட்அவுட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் பாட்டியைப் பார்ப்பார்கள், கடைசியில் பஸ்ஸைப் பார்த்ததும் சிரிப்பு வரும். கட்சிக்காரர்கள் சட்டைப் பையில் தலைவர் படம் வெளியே தெரிய வைத்திருப்பார்களே, அது மாடலில் ஒரு மில்லிமீட்டர்தான். ஊசி முனையால் வைத்தேன். லென்ஸ் இல்லாமல் தெரியாது, ஆனால் கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் லென்ஸ் இல்லாமலே கண்டுபிடித்தார்கள்.

ஸ்டேஷன் மதிலில் சுவர் முன்பதிவு. இது தெரியாத ஆட்களுக்காக: தேர்தலுக்கு ரொம்ப முன்னாலேயே சுண்ணாம்பு அடித்து, மூலையில் கட்சிப் பெயரும் எது வரைக்கும் என்ற வருஷமும் எழுதிச் சுவரைப் பிடித்து வைப்பார்கள். என் மாடலில் ஒரு கட்சி 2031 வரை, அடுத்தது 2046 வரை, அதற்கடுத்த முழத்துண்டுச் சுவர் 2091 வரை. ஓரத்தில் வீட்டுக்காரர் தன் பெயர்ப்பலகையை மாட்ட இடம் தேடிக்கொண்டு நிற்கிறார். அந்த எழுத்துகளை நான் மூன்று முடி பிரஷால் எழுதினேன். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான்.

எல்லைக்கு வருவோம். கோட்டைவாசலில் ஒரு டீக்கடை வைத்தேன். எல்லைக்கோடு கடை நடுவே போகிறது. பெஞ்சு இந்தப் பக்கம், கண்ணாடி அலமாரி அந்தப் பக்கம். கூரை மேல் இரண்டு பக்கத்து ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. கீழே அதே இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரு பழம்பொரியைப் பிய்த்துப் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார், இன்னொருவர் மலையாளத்து முண்டு மடித்துக் கட்டியிருக்கிறார், தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கடைக்கு முன்னால் ரோட்டில் ஒரு குழி, கோட்டின் மேலேயே. பாதிக் குழியை ஒரு பக்கம் அடைத்திருக்கிறார்கள், கோடு போட்டது போல.

இவ்வளவும் நின்றிருக்கும் வேடிக்கை. ஓடுகிற ரயிலை வைத்து என்ன செய்வது? இதற்கு எனக்குப் பதில் சொன்னது பக்கத்து வீட்டுப் பெண், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். நான் ரயிலை மேடைக்கு முன்னால் நிறுத்தி நாடா வெட்டும் காட்சி வைக்கலாம் என்றேன். "வேண்டாம் மாமா, ரயில் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கட்டும், ஒவ்வொரு சுத்துக்கும் மேடையில அடிக்கல்லு மட்டும் மாறட்டும்" என்றாள். அந்த ஒரு யோசனைதான் மாடலைத் தூக்கி நிறுத்தியது. கடைசிப் பெட்டிக்கு அடியில் ஒரு காந்தம், தண்டவாளத்துக்கு இடையில் காந்தம் பக்கத்தில் வந்தால் இயங்கும் ஒரு ரீட் சுவிட்ச், பலகைக்கு அடியில் அர்டுயினோ நானோ என்ற குட்டிக் கன்ட்ரோல் போர்டும், படிப்படியாகத் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரும். மேடைக்குப் பின்னால் ஒரு வட்டத்தட்டில் ஐந்து அடிக்கல். ரயில் கடக்கும்போதெல்லாம் தட்டு ஒரு படி திரும்பும், அதே பாலத்துக்குப் புதுத் தேதியோடு புது அடிக்கல் வரும். பாலம் ஏற்கெனவே இருக்கிறது, ரயில் அதன் மேல்தான் போய்க்கொண்டிருக்கிறது. மூன்றாவது சுற்றில்தான் ஜனங்களுக்குப் பிடிபடும். பிடிபட்டதும் ஐந்தாவது கல் வரும்வரை நகர மாட்டார்கள்.

இப்போது சண்டை வராமல் இருப்பது பற்றி. நிஜப் பெயர், நிஜ முகம், நிஜச் சின்னம் எதுவும் வைக்கவில்லை. என் கட்சிகளுக்குக் காப்பிக்கொட்டை நிறத்திலும் ரோஸ் நிறத்திலும் கொடி, சின்னம் ஓட்டைக் குடையும் பூட்டிய பூட்டும். இதைப் பயத்தில் செய்ததாக நினைக்காதீர்கள். முகம் வைத்தால் பார்க்கிறவர் அந்த ஒருவரை நினைத்துச் சிரிப்பார், மற்றவரெல்லாம் தப்பித்துவிடுவார்கள். முகம் இல்லாவிட்டால் நாற்காலியே மாட்டிக்கொள்ளும். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்எல்ஏ, அமைச்சர் பற்றி வந்த ஒரு ஜோக்கில் யார் பெயரும் இல்லை. அதற்குத்தான் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது, எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் விட்டார்கள். பெயர் இல்லாத ஜோக்குக்கு எவ்வளவு வலு என்று அப்பா அப்போது சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் சாக்கியார் கூத்தில் சபையில் உட்கார்ந்திருப்பவர் ராஜாவானாலும் கிண்டல் செய்ய சாக்கியாருக்கு உரிமை உண்டு. அவரும் புராணக் கதைக்குள் வைத்துத்தான் சொல்வார், தைக்க வேண்டியவருக்குத் தைக்கும்.

இன்னொன்று, சாதி, மதம், உடல் குறை, பெண்களின் நடத்தை இவற்றில் கைவைக்க வேண்டாம். முல்லைப் பெரியாறையும் நான் தொடவில்லை. அணைக்குக் கீழே இருப்பவரின் பயமும் தண்ணீருக்குக் காத்திருப்பவரின் கவலையும் எனக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை. கோட்டுக்கு இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருப்பவனுக்கு இந்த இடம் தன்னால் புரியும். பொங்கலுக்கு வீட்டு முன்திண்ணையில் நாலு நாள் மாடலை வைத்தேன். உள்ளூர்க் கட்சி நிர்வாகி ஒருவர் ஐந்து கல்லையும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நம்ம காலத்துல வச்ச கல்லு இதுல எது?" என்று கேட்டார். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் வந்தார், கேள்வி அதேதான்.

கடைசியாகச் சேர்த்தது ஒன்று. செங்கோட்டை புனலூர் பாதையில் ஓடிய பழைய மீட்டர் கேஜ் வண்டி 2010 செப்டம்பரில் நின்றது. குகைகளையும் பாலங்களையும் அகலப்பாதைக்கு மாற்றி, 2018-ல்தான் புனலூருக்கு மறுபடி ரயில் போனது. மலையைக் குடைந்து செய்யும் வேலை, சுலபம் இல்லை என்று தெரியும். ஆனால் அந்த இடைவெளியில்தான் அப்பா போய்விட்டார். படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் கூட "வண்டி விட்டுட்டாங்களா" என்று கேட்பார். பகவதிபுரம் பிளாட்பாரத்தில் 19 மில்லிமீட்டரில் ஒரு ஆளை நிறுத்தியிருக்கிறேன், கையில் பெயிண்ட் டப்பா. எல்லாச் சுற்றிலும் ரயில் அங்கே வேகம் குறைந்து எட்டு விநாடி நிற்கும். கரண்டைச் சட்டென்று வெட்டினால் பெட்டிகள் குலுங்கும் என்று அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் படிப்படியாகக் குறையும்படி புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். எட்டு விநாடி முடிந்ததும் ரயில் குகைக்குள் போகும், அந்தப் பக்கம் வெளியே வரும்போது அடிக்கல் மாறியிருக்கும்.